கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் இருமல் மருந்து பிள்ளைகளுக்கு அவ்வளவு ஆபத்தா?

ஒரு தாய் கேட்டிருக்கிறார்: 15 வயது மகனின் பையில் காலியான இருமல் மருந்து பாட்டில்கள் கிடைத்தன. அவனுக்கு இருமலும் இல்லை, சளியும் இல்லை. கேட்டதற்கு, "தூக்கம் வரலை, அதான் குடிச்சேன். கடையில சும்மா கொடுக்கிற மருந்துதானே, அதுல என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இதில் நிஜமாகவே ஆபத்து இருக்கிறதா, நான்தான் தேவையில்லாமல் பதறுகிறேனா?

நீங்கள் தேவையில்லாமல் பதறவில்லை. அவசரப் பிரிவில் வேலை செய்யும் மருத்துவராகச் சொல்கிறேன், "அதுல என்ன இருக்கு" என்று உங்கள் மகன் கேட்ட அதே கேள்விக்குத்தான் முதலில் விடை தேட வேண்டும். அந்தப் பாட்டிலில் என்னென்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. அனேகமாக வீட்டில் யாருக்குமே தெரியாது. என் கவலை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

விளக்கத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை. அந்தப் பாட்டில்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள். அதில் பாராசிட்டமால் அல்லது அசிட்டமினோஃபென் என்று இருந்தால் (இரண்டும் ஒரே மருந்தின் பெயர்கள்), அவன் கடைசியாகக் குடித்தது இரண்டு மூன்று நாட்களுக்குள் என்றால், அவன் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தாலும் சரி, இன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். காலி பாட்டில்களையும் கையோடு கொண்டு போங்கள். ஏன் இவ்வளவு அவசரம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இப்போது மருந்துக்கு வருவோம். சீட்டில்லாமல் விற்கப்படும் பல இருமல் மருந்துகளில் இருமலை அடக்கும் பொருள் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன். லேபிளில் சில சமயம் சுருக்கமாக டிஎக்ஸ்எம் என்றோ டிஎம் என்றோ போட்டிருப்பார்கள். இது தொண்டையில் வேலை செய்யும் மருந்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இருமலைத் தூண்டும் கட்டுப்பாட்டு மையம் மூளைத்தண்டில் இருக்கிறது. இந்த மருந்து அங்கே போய்த்தான் வேலை செய்கிறது. அதாவது இது மூளையில் வேலை செய்யும் மருந்து. லேபிளில் சொன்ன அளவில் எடுத்தால் பெரும்பாலானோருக்கு எதுவும் தெரியாது, கொஞ்சம் தூக்கக் கலக்கம் வரலாம், அவ்வளவுதான்.

அளவு பல மடங்கு ஏறும்போது கதை வேறாகிவிடுகிறது. கல்லீரல் இந்த மருந்தை டெக்ஸ்ட்ரார்ஃபான் என்ற இன்னொரு பொருளாக மாற்றுகிறது. அது மூளையில் என்எம்டிஏ என்ற ஏற்பிகளை (மூளைச் செல்கள் செய்திகளை வாங்கிக்கொள்ளும் இடங்களை) அடைத்துவிடுகிறது. அறுவைச் சிகிச்சையில் மயக்க மருந்தாகப் பயன்படும் கெட்டமின் வேலை செய்வதும் இதே ஏற்பிகளில்தான். அதனால் தன் உடம்பு தன்னுடையது இல்லை என்பது போன்ற உணர்வு, இல்லாதவை கண்ணுக்குத் தெரிவது, நேரம் நின்றுவிட்டது போலத் தோன்றுவது, கை கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போவது எல்லாம் வரும். சில பிள்ளைகள் தேடுவது இதைத்தான். கூடவே வருபவை வாந்தி, வேகமான இதயத் துடிப்பு, ரத்த அழுத்த உயர்வு, உடல் சூடு, கடுமையான பீதி, சிலருக்கு வலிப்பு. அந்த நிலையில் மாடிப்படி, சாலை, நீச்சல் குளம், வண்டி எல்லாமே ஆபத்து. வலி உணர்வு மங்கியிருப்பதால் அடிபட்டதே தெரியாமல் நடந்துகொண்டிருப்பார்கள்.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. அபின் குடும்பத்து மருந்தான கோடீனுக்குப் பதிலாக, அடிமைப்படுத்தாத ஓர் இருமல் மருந்து வேண்டும் என்றுதான் டெக்ஸ்ட்ரோமெத்தார்பனைக் கொண்டுவந்தார்கள். 1958-இல் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் கொடுத்தது. ரோமிலார் என்ற பெயரில் மாத்திரையாக விற்றார்கள். அடுத்த பத்தாண்டுகளிலேயே அதை அளவுக்கு மீறி விழுங்கும் வழக்கம் பரவியதால் 1973-இல் அந்த மாத்திரை சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அதன் பிறகு சிரப்பாகக் கொடுத்தால் அந்தக் குமட்டும் சுவைக்கு யாரும் நிறையக் குடிக்க மாட்டார்கள் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. 2005-இல் தூள் வடிவில் விற்கப்பட்ட டெக்ஸ்ட்ரோமெத்தார்பனை உட்கொண்டு பதின்ம வயதினர் ஐந்து பேர் இறந்ததாகத் தகவல் வந்ததும் அதே நிர்வாகம் பொது எச்சரிக்கை விட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகம் அமெரிக்க மாணவர்களிடம் ஆண்டுதோறும் நடத்தும் ஆய்வில் 2006-இல் முதல் முறையாக இருமல் மருந்து பற்றிய கேள்வியைச் சேர்த்தார்கள். 12-ஆம் வகுப்பு மாணவர்களில் சுமார் 7 சதவீதம் பேர் போதைக்காக இதை அந்த ஓராண்டில் எடுத்ததாகச் சொன்னார்கள். பின்னர் அந்த எண் குறைந்தது, மறையவில்லை. கலிஃபோர்னியாவில் 2012 முதல் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இதை விற்கத் தடை. பிரான்ஸில் 2017 ஜூலையில் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், கோடீன் இரண்டையுமே சீட்டு இருந்தால்தான் தர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அங்கேயும் இளம் பிள்ளைகளின் மரணங்கள்தான் அந்த முடிவுக்குத் தள்ளின. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், "கடையில் கிடைக்கிறது" என்பதற்கு அரசுகள் கொடுக்கும் அர்த்தமே நாட்டுக்கு நாடு, வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டிருக்கிறது என்பது உங்கள் மகனுக்கும் தெரிய வேண்டும் என்பதுதான். சீட்டு வேண்டாம் என்றால், லேபிளில் உள்ள அளவில், லேபிளில் உள்ள காரணத்துக்காக எடுத்துக்கொண்டால் மருத்துவர் பக்கத்தில் இல்லாமலே சமாளிக்கலாம் என்று மட்டும்தான் பொருள். அந்த அளவைத் தாண்டினால் அந்த உறுதிமொழி அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஆனாலும் என்னை உண்மையில் பயமுறுத்துவது டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இல்லை. அது மட்டும் தனியாக உடம்புக்குள் போனவர்களில் பெரும்பாலானோரைக் கண்காணிப்பில் வைத்து, சூட்டைத் தணித்து, பதற்றத்துக்கு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட முடிகிறது. சிக்கல் எங்கே என்றால், கடையில் விற்கும் இருமல் சளி மருந்துகளில் பெரும்பாலானவை கூட்டு மருந்துகள். இருமலுக்கு ஒன்று, மூக்கு ஒழுகலுக்கு ஒன்று, மூக்கடைப்புக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று என நாலைந்து மருந்துகளை ஒரே பாட்டிலில் போட்டிருப்பார்கள். பிள்ளை தேடுவது முதல் மருந்தை. அதைப் பல மடங்கு குடிக்கும்போது மற்றவையும் அதே அளவுக்குப் பல மடங்கு உள்ளே போகின்றன. அவனுக்கு அவற்றின் பெயர்கூடத் தெரியாது.

அவற்றில் முதலாவது பாராசிட்டமால். காய்ச்சலுக்கு நாம் எல்லோரும் எடுக்கும் மருந்து, சரியான அளவில் மிகவும் நல்ல மருந்து. ஆரோக்கியமான பெரியவருக்கே 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான உச்ச வரம்பு. கல்லீரல் இதை உடைக்கும்போது ஒரு சிறு பகுதி நச்சுப் பொருளாக மாறுகிறது. குளுட்டாதயோன் என்ற பொருள் அந்த நச்சை உடனுக்குடன் செயலிழக்கச் செய்துவிடும். அளவு மீறினால் குளுட்டாதயோன் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது, நச்சு கல்லீரல் செல்களைக் கொல்ல ஆரம்பிக்கிறது.

இதில் கொடுமை என்னவென்றால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் குமட்டல், கொஞ்சம் சோர்வு, சிலருக்கு அதுவும் இல்லை. போதை தெளிந்து, பிள்ளை எழுந்து சாப்பிட்டு, பள்ளிக்கும் போய்விடுவான். வீட்டில் உள்ளவர்கள் தப்பித்தோம் என்று மூச்சு விடும் அந்த நேரத்தில்தான் கல்லீரல் சேதம் உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. இரண்டாம் நாள் வலது விலா எலும்புக்குக் கீழே வலி வரலாம். மூன்றாம் நான்காம் நாளில் கண் மஞ்சளாகி, ரத்தம் உறையாமல், குழப்பமாகப் பேச ஆரம்பித்தால் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கட்டத்தில் சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை தவிர வேறு வழி இருக்காது.

இத்தனைக்கும் இதற்கு நல்ல முறிவு மருந்து இருக்கிறது. என்-அசிட்டைல்சிஸ்டீன். ஒரே தடவையில் விழுங்கியிருந்தால், 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரலை அனேகமாக முழுமையாகவே காப்பாற்றிவிடலாம். தாமதமாகத் தொடங்கினாலும் பலன் உண்டு, குறைந்துகொண்டே போகும். விழுங்கி 4 மணி நேரம் ஆன பிறகு எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் முறிவு மருந்து தேவையா என்று கணித்துவிட முடியும். அதனால்தான் ஆரம்பத்திலேயே, ஆள் நன்றாக இருந்தாலும் அழைத்துப் போங்கள் என்றேன். அறிகுறிக்காகக் காத்திருந்தால் அந்த 8 மணி நேரம் போய்விடும். எத்தனை மணிக்குக் குடித்தான், ஒரே தடவையா, நாள் கணக்காகவா என்ற விவரம் மருத்துவருக்கு ரொம்ப முக்கியம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அளவு மீறி எடுத்தவர்களிடம் அந்த 4 மணி நேரக் கணக்கு பொருந்தாது, கல்லீரல் பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு எடுப்பார்கள்.

அடுத்தது ஒவ்வாமைக்கான பழைய தலைமுறை மருந்துகள். குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்றவை. மூக்கு ஒழுகலை நிறுத்தும், தூக்கம் வரவைக்கும். இவை அதிகமானால் வாய் வறண்டு, தோல் சிவந்து சூடாகி, வியர்வை நின்று, கண்மணி விரிந்து, சிறுநீர் போக முடியாமல், யாரோடு பேசுகிறோம் என்றே தெரியாமல் பிதற்ற ஆரம்பிப்பார்கள். டைஃபென்ஹைட்ரமின் இன்னும் ஒரு படி மேலே போய் இதயத்தின் மின்னோட்டத்தையே குழப்பிவிடும். 2020-இல் சமூக ஊடகத்தில் ஒரு சவால் விளையாட்டாக இதை அளவுக்கு மீறி விழுங்கி, பதின்ம வயதினர் அவசரப் பிரிவுக்கு வந்ததும் இறந்ததும் தெரியவந்து, அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. இதுவும் சீட்டில்லாமல் கிடைக்கும் மருந்துதான்.

மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், ஃபினைலெஃப்ரின் போன்றவை ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. அளவு கூடினால் ரத்த அழுத்தம் எகிறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். சளியை இளக்கும் குவாய்ஃபெனசின் இவற்றோடு ஒப்பிட்டால் சாது. கடுமையான வாந்திதான் அதன் முக்கியத் தொல்லை, மாதக்கணக்கில் நிறையக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் வந்ததும் பதிவாகியிருக்கிறது.

கோடீன் கலந்த சிரப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது அபின் குடும்பத்து மருந்து. பல நாடுகளில் சீட்டு கட்டாயம், ஆனாலும் பிள்ளைகள் கைக்கு அது வந்து சேர்கிறது, குளிர்பானத்தில் கலந்து குடிப்பதை ஒரு நாகரிகமாகக் காட்டும் பாட்டுகளும் காணொளிகளும் இருக்கின்றன. கோடீன் உடம்புக்குள் போய் மார்ஃபினாக மாறுகிறது. இந்த மாற்றம் சிலருக்கு மரபணு காரணமாக மிக வேகமாக நடக்கும். பக்கத்தில் இருக்கும் நண்பன் அதே அளவு குடித்து எழுந்து நடக்கும்போது, இவனுக்கு மூச்சு மெல்ல மெல்ல நின்றுவிடும். யார் அந்த வகை என்று பார்த்தால் தெரியாது. 2018 முதல் அமெரிக்காவில் கோடீன் உள்ள இருமல் மருந்தை 18 வயதுக்குக் குறைந்த யாருக்கும் தரக் கூடாது என்று லேபிளிலேயே மாற்றிவிட்டார்கள். அதே ஆண்டு நைஜீரியா கோடீன் சிரப் தயாரிப்பையும் இறக்குமதியையும் நிறுத்தியது. பிரிட்டனில் 2024-இல் அது சீட்டு மருந்தாக்கப்பட்டது. கோடீனோடு ப்ரோமெத்தசின் (தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மருந்து), மது, தூக்க மாத்திரை எது சேர்ந்தாலும் மூச்சு நிற்கும் ஆபத்து கூடுகிறது.

மரபணு விஷயம் டெக்ஸ்ட்ரோமெத்தார்பனுக்கும் உண்டு. அதை உடைக்கும் கல்லீரல் நொதி சிலருக்குப் பிறவியிலேயே வேலை செய்யாது. ஐரோப்பிய வம்சாவளியினரில் 5 முதல் 10 சதவீதம் பேர் இப்படி, மற்ற இனத்தவரில் குறைவு. மற்றவர்களுக்குச் சில மணி நேரத்தில் வெளியேறும் மருந்து இவர்களுக்கு ஒரு நாளுக்கு மேலும் உடம்பில் தங்கும். "போன தடவை அவன் குடிச்சான், ஒண்ணும் ஆகலை" என்ற அனுபவம் இன்னொருவருக்குப் பயன்படாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

இன்னொரு கூட்டு இருக்கிறது, இதைப் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் மூளையில் செரட்டோனின் என்ற, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் பொருளின் அளவையும் ஏற்றுகிறது. மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்ற மருந்துகளை எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளை அதோடு இருமல் மருந்தையும் நிறையக் குடித்தால் செரட்டோனின் எல்லை மீறிவிடும். கை கால் நடுக்கம், தசை விறைப்பு, கணுக்கால் தானாகத் துடிப்பது, கடும் வியர்வை, கொதிக்கும் காய்ச்சல், அமைதியின்மை. இது உயிரைப் பறிக்கக் கூடியது. ஃப்ளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் ஆகிய இரண்டும் நான் மேலே சொன்ன அதே கல்லீரல் நொதியையும் முடக்குபவை, ஆகவே இரண்டு பக்கமும் அடி. ஏற்கெனவே மனம் வாடியிருக்கும் பிள்ளைகள்தான் இருமல் மருந்தில் ஆறுதல் தேடும் வாய்ப்பும் அதிகம். உங்கள் மகன் இப்படி ஏதேனும் மருந்து எடுக்கிறான் என்றால், அதை எழுதிக்கொடுத்த மருத்துவருக்கு இந்தப் பாட்டில்கள் பற்றி உடனே சொல்லுங்கள். அந்த மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு சிக்கலில் கொண்டுவிடும்.

சரி, ஒரு நாள் அவன் குடித்துவிட்டு நிலைகுலைந்திருப்பதைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாகவோ குறட்டை போலக் களகளவென்றோ வருகிறது, உதடு நீலமாகிறது, வலிப்பு வருகிறது, உடம்பு கொதிக்கிறது, ஆளைத் தெரியாமல் பிதற்றுகிறான் என்றால், இவற்றில் ஒன்று இருந்தாலே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மூச்சு இருந்து நினைவு இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகாமல் இருக்கும். மூச்சே இல்லையென்றால் ஆம்புலன்ஸ் தொலைபேசியில் இருப்பவர் சொல்லும்படி நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். வாயில் விரலைவிட்டு வாந்தி எடுக்க வைப்பது, உப்புத் தண்ணீர், பால், காபி கொடுப்பது, தலையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி எழுப்புவது, இவை எதுவும் வேண்டாம். பாதி மயக்கத்தில் இருப்பவருக்கு வாந்தி எடுக்க வைத்தால் அது நுரையீரலுக்குப் போகும். கோடீன் மூச்சை நிறுத்தினால் அதற்கு நலோக்ஸோன் என்ற முறிவு மருந்து இருக்கிறது. மருத்துவக் குழுவிடம் எந்த பாட்டில் என்று காட்டினால் அவர்களுக்கு நேரம் மிச்சமாகும்.

"தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வராதீர்கள். மெதுவாகக் கரையும் வகை சிரப்களும் மாத்திரைகளும் இருக்கின்றன, அவற்றில் உச்ச விளைவு சில மணி நேரம் கழித்துத்தான் வரும். குடித்ததும் ஒன்றும் ஆகவில்லையே என்று பிள்ளை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள்வதும் இப்படித்தான் நடக்கிறது.

நண்பர்களிடம் இருந்து தகவல் வருவது தாமதமாவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது: மாட்டிக்கொள்வோம் என்ற பயம். அதனால் இன்றைக்கே உங்கள் மகனிடம் இந்த ஒன்றைச் சொல்லி வையுங்கள். யாராவது மயங்கி விழுந்தால் என்னைக் கூப்பிடு, திட்ட மாட்டேன், முதலில் ஆளைக் காப்பாற்றுவோம் என்று. சொன்னால் அந்த வார்த்தையைக் காப்பாற்றவும் வேண்டும்.

பரிசோதனை பற்றியும் பல பெற்றோர் கேட்கிறார்கள். கடையில் வாங்கி வீட்டிலேயே செய்யும் சிறுநீர் போதைப் பரிசோதனைப் பட்டைகளில் பெரும்பாலானவை டெக்ஸ்ட்ரோமெத்தார்பனைத் தேடுவதே இல்லை. 'இல்லை' என்று காட்டியதை நம்பி நிம்மதியடைய வேண்டாம். சில சமயம் நேர்மாறாக, ஃபென்சைக்ளிடின் என்ற வேறொரு போதைப்பொருள் இருப்பதாகத் தவறாகக் காட்டிக் குடும்பத்தில் பெரிய கலவரத்தை உண்டாக்கும். சந்தேகத்தைப் பட்டையிடம் கேட்பதைவிடப் பிள்ளையிடம் கேட்பது நல்லது.

எப்படிக் கேட்பது? அவன் தூக்கம் வரவில்லை என்று சொன்னதை முதலில் நம்புங்கள். அது பொய்யாகவும் இருக்கலாம், பாதி உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பேச்சைத் தொடங்க அதுதான் நல்ல இடம். ஏன் தூக்கம் வரவில்லை, எத்தனை நாளாக, இரவில் என்ன யோசனை ஓடுகிறது, முதலில் யார் சொல்லித் தெரிந்தது, குடித்தால் எப்படி இருக்கிறது. போதைக்காகக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள், வேடிக்கைக்காக ஒரு தடவை குடித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், பரீட்சை பயத்தையோ வீட்டுச் சண்டையையோ மறக்கக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். மூவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. கத்தினால் பாட்டிலை மறைக்கும் இடம்தான் மாறும்.

ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். "செத்துப் போகணும்னு எப்பவாவது தோணுச்சா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி நடப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்கப்பட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் பாரம் இறங்குகிறது. ஆமாம் என்று சொன்னால், அல்லது பதில் சொல்லாமல் அழுதால், அன்றைக்கே மனநல மருத்துவரிடமோ அவசரப் பிரிவுக்கோ போக வேண்டும், அதுவரை தனியாக விடக் கூடாது.

ஒருமுறை இருமுறை என்றால் பேச்சும் கண்காணிப்பும் போதலாம். வாரக்கணக்கில் போகிறது, அளவு கூடிக்கொண்டே வருகிறது, நிறுத்தினால் எரிச்சல், வியர்வை, தூக்கமின்மை, மனம் ஒடுங்கிப் போவது வருகிறது, பணம் காணாமல் போகிறது, பழைய நண்பர்கள் போய்ப் புதியவர்கள் வந்திருக்கிறார்கள், மதிப்பெண் சரிகிறது என்றால் அது அடிமைப்படும் பாதை. டெக்ஸ்ட்ரோமெத்தார்பனை நீண்ட காலம் அதிகம் எடுப்பவர்களுக்கு நினைவாற்றல் குறைவதும், சிலருக்கு மனநோய் போன்ற நிலை வருவதும் உண்டு. தினமும் கோடீன் குடித்துவந்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் உடம்பு முழுக்க வலி, வயிற்றுப்போக்கு, நடுக்கம் வரும், மருத்துவ மேற்பார்வையோடு நிறுத்துவது நல்லது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பதின்ம வயதினரின் போதைப் பழக்கத்தைப் பார்க்கும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள், பேச்சு வழிச் சிகிச்சை இந்த வயதில் நன்றாகவே பலன் தருகிறது.

வீட்டில் இருக்கும் மருந்துகளுக்கு வருவோம். நான் பார்த்தவரை பிள்ளைகள் முதல் பாட்டிலைக் கடையில் வாங்குவதில்லை, வீட்டு அலமாரியிலிருந்துதான் எடுக்கிறார்கள். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, எது எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். தேவையானவற்றைப் பூட்டி வையுங்கள், பாட்டியின் தூக்க மாத்திரையும் அப்பாவின் வலி மாத்திரையும் இதில் சேர்த்தி. மிச்சத்தை மருந்துக் கடை திரும்ப வாங்கிக்கொள்ளுமா என்று கேளுங்கள். அப்புறம், இருமல் சிரப்பை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் பெரிதாக இல்லை. சாதாரணச் சளியில் வரும் இருமலுக்குக் கடைச் சிரப்கள் பலன் தருகின்றன என்பதற்கான ஆதாரம் பலவீனமானது. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானே போய்விடும். ஒரு வயதைத் தாண்டியவர்களுக்குத் தேன் பல சிரப்களுக்கு ஈடாகவே வேலை செய்கிறது. மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், ரத்தம் கலந்த சளி, மூச்சுத் திணறல் என்றால் அதற்குத் தேவை மருத்துவர்தான்.

சிரப்தான் வேண்டும் என்றால், மருந்துக் கடையில் "எத்தனை மருந்து கலந்திருக்கு?" என்று கேட்டு, தேவையான ஒன்று மட்டும் உள்ளதை வாங்குங்கள். காய்ச்சல் மாத்திரையோடு கூட்டு சிரப்பையும் சேர்த்து எடுத்து, தெரியாமலே பாராசிட்டமாலை இரட்டிப்பாக்கிக்கொள்ளும் பெரியவர்களும் எங்கள் பிரிவுக்கு வருகிறார்கள்.

அந்தக் காலி பாட்டிலை மேசை மேல் வைத்து, மகனோடு சேர்ந்து லேபிளைப் படியுங்கள். ஒவ்வொரு பெயரும் என்ன செய்யும் என்று நான் மேலே எழுதியதைக் காட்டுங்கள். கல்லீரல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க அவனே ஒத்துக்கொண்டால் நல்லது, ஒத்துக்கொள்ளாவிட்டாலும் கூட்டிக்கொண்டு போங்கள். தூக்கம் வராததற்கான காரணத்தை அதே மருத்துவரிடம் பேச, உங்களை வெளியே இருக்கச் சொல்லி அவனுக்குத் தனியாகக் கொஞ்ச நேரம் கொடுங்கள். பெற்றோர் அறையில் இருக்கும்போது சொல்லாததை இந்த வயதுப் பிள்ளைகள் அப்போதுதான் சொல்கிறார்கள்.